வலது பக்கத்துப் பேனல்

கல்யாணத்தன்று காலையில் யாராவது அடுப்படியைக் கலைத்துப் புதிதாக அடுக்குவார்களா? புரிங் அக்கா அடுக்கினாள். அடுப்படி என்றால் சமைக்கிற அடுப்படி இல்லை, தெல்ஃபினாவின் லேப்டாப். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், வீடியோ எடிட் செய்யும் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றி, மூடியை ஈரத்துணியால் ஒரு துடைப்பும் துடைத்து, சனிக்கிழமை கல்யாண வேலைக்கு நடுவில் கொண்டுவந்து நீட்டினாள்.

"புதுசு போட்டிருக்கேன் தெல்ஃபி. எல்லாம் ஒரே எடத்துல வந்துடுமாம். இனிமே நீ எதையும் தேடவே வேண்டாம்."

"இன்னைக்கு வேலைய வெச்சுக்கிட்டா அக்கா? நாளைக்குப் போட்டிருக்கக் கூடாதா?"

"நாளைக்குப் போட்டா இன்னைக்கு எப்படிடி சுலபமா இருக்கும்?"

புரிங் அக்காவின் நியாயத்துக்கு பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் பதில் சொன்னவர் கிடையாது. கல்யாண வீடியோக் கம்பெனியின் முதலாளி அவள். வேலைக்கு இரண்டு கேமராக்காரர்கள், எடிட்டர் தெல்ஃபினா, வேன் ஓட்டும் எடோங். கேமராக்காரர்களில் ஒருவன் நெஸ்தோர். இன்னொருவன் தெல்ஃபினாவின் புருஷன் கிரிசாந்தோ. சாந்தோ என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

இந்த ஊரில் கல்யாண வீடியோவைப் பெட்டியில் போட்டு மூன்று மாதம் கழித்துக் கொடுக்கிற கதையெல்லாம் நடக்காது. மத்தியானம் ஒரு மணிக்கு மோலோ கிறிஸ்தவக் கோவிலில் மோதிரம் போட்டால், அன்று சாயங்கால விருந்தில் இனிப்பு வரும் நேரத்துக்கு அதே மோதிரம் பாட்டும் கண்ணீருமாக மண்டபத்துத் திரையில் ஓட வேண்டும். நாலு நிமிஷப் படம்தான். ஆனால் அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் பாதிப் பேர் பன்றி வறுவலைக்கூட அவசரமாகத் தின்று முடிக்கிறார்கள். எடோங் கோவிலிலிருந்து மெமரி கார்டுகளைக் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுப்பான். மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி உறைகள் அடுக்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து தெல்ஃபினா வெட்டி ஒட்டிக்கொண்டே இருப்பாள். சாப்பாடு, தண்ணீர், ஒன்றுக்குப் போவது எல்லாம் படம் ஓடி முடிந்த பிறகுதான்.

முதல் கார்டு மூன்றரைக்கு வந்தது. ஒரு துண்டுப் படத்தைத் தொட்டாள். திரையின் வலது பக்கத்தில் நீளமாக ஒரு பேனல் திறந்துகொண்டது. வெளிச்சம், நிறம், வேகம், சத்தம் என்று முன்பு நாலு மூலையில் ஒளிந்திருந்ததெல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண்ணோடு நின்றது. பரவாயில்லையே, அக்கா ஒரு தடவையாவது உருப்படியான காரியம் செய்திருக்கிறாளே என்று தெல்ஃபினா நினைத்துக்கொண்டாள். வேலை வேகமாக நகர்ந்தது. பேனல் தானாகவே படத்தை அளந்து இவ்வளவு வெளிச்சம் போதும், இவ்வளவு நிறம் போதும் என்று ஒரு எண்ணைச் சொன்னது. அவள் சரி சரி என்று அழுத்திக்கொண்டு போனாள்.

சாந்தோ எடுத்த துண்டைத் தொட்டபோது கை நின்றது. பேனலின் கடைசி வரி, கேமரா நடுக்கத்தைக் குறைக்கிற இடம், ஆட்டம் அடக்கு: 52. அடுத்த துண்டைத் தொட்டாள். 58. அதற்கடுத்தது 61.

பழைய பதிப்பில் அந்த இடத்துக்குப் போக மூன்று கதவைத் திறக்க வேண்டும். உள்ளே போய் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு வந்துவிட்டால், அப்படி ஒன்று செய்ததே வெளியே தெரியாது. அவளுக்கு அதுதான் வசதியாக இருந்தது. இப்போது யார் எந்தத் துண்டைத் தொட்டாலும் பேனல் ஓடிவந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒப்பிக்கிறது. மூடினாள். அடுத்த துண்டைத் தொட்டதும் மறுபடி திறந்துகொண்டது. அதை மூடிவைக்கும் வழி எங்கே இருக்கிறது என்று தேட அன்றைக்கு நேரமில்லை. கடைசியில் விருந்தாளிப் பட்டியல் எழுதியிருந்த மஞ்சள் காகிதத்தைக் கிழித்து, திரையின் வலது ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினாள். தேவைப்பட்டபோது தூக்கிப் பார்த்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வேறு என்ன செய்வாள்?

இரண்டு வருஷமாக அவள் மறைத்துக்கொண்டிருந்த பூசணிக்காய் அது.

முதலில் பார்த்தது ஹாரோ கோவிலில் நடந்த ஒரு பிப்ரவரிக் கல்யாணத்தில். மோதிரம் விரலில் ஏறும்போது படம் லேசாக ஆடியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கோவிலுக்குள் ஏது காற்று? சரி, களைப்பு. கொஞ்சம்போல அடக்கிவிட்டாள். அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம், இன்னும் கொஞ்சம். அதற்குள் வீட்டிலும் தெரிய ஆரம்பித்துவிட்டது. பாத்சோய் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தூக்கினால் சூப்பு சட்டையில் சிந்தியது. சட்டைப் பொத்தானைப் போட நேரமானது. வலது கை சும்மா மடியில் கிடக்கும்போதுகூட, கட்டை விரல் எதையோ உருட்டுவதைப்போல ஆடிக்கொண்டிருந்தது.

"டாக்டரைப் பாக்கலாமா?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஒரே பதில்.

"எதுக்குப் பாங்கா? நேத்து திரையில பாத்தியா இல்லியா? என் கையில கோளாறுன்னா படம் ஆடாதா? கேமராவத் தொட்டதும் நின்னுடுது பாரு. சும்மா இருந்தாத்தான் ஆடுது. சோம்பேறிக் கை."

பாங்கா என்றால் இந்த ஊர் இலோங்கோக்காரர்களுக்குக் கண்ணே, செல்லமே எல்லாம் சேர்ந்த ஒரே சொல். அவன் கோபத்திலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் நீட்டும் சாட்சியை அவளே தயார் செய்து கொடுத்திருக்கிறாள். அதை எப்படி அவளே பொய் என்பாள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சாந்தோ பக்திமான். ஹாரோவில் இருக்கிற மெழுகுவர்த்தி மாதாதான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். மாதம் தவறாமல் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான். தெல்ஃபினாவும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

ஏன் சொல்லவில்லை என்றால் அவளிடம் காரணம் இருந்தது. இவனுக்கு முன்னால் இருந்த கேமராக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது புரிங் அக்கா அழுதாள், கட்டிப்பிடித்தாள், பெரிய கேக் ஒன்று வாங்கிக் கொடுத்து அன்றைக்கே அனுப்பிவைத்தாள். பத்தொன்பது வருஷமாகக் கேமராவைத் தவிர வேறெதையும் தோளில் போடாத மனுஷன் சாந்தோ. அவனை ஒரு கேக்கோடு வீட்டுக்கு அழைத்துவர அவளுக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைப்பாள். அடுத்த கல்யாணம் வந்துவிடும்.

அவன் எடிட் மேஜைப் பக்கம் வராமல் இருக்கவும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கல்யாண உடுப்பை மணப்பெண் முன்னாலேயே போட்டுப் பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று இங்கே எல்லாருக்கும் பயம். அதே கணக்கில், திரையில் ஓடுவதற்கு முன்னால் எடுத்தவன் படத்தைப் பார்த்தால் ஜோடி விளங்காது என்று ஒன்றை அவிழ்த்துவிட்டாள். நெஸ்தோர் சிரித்தான். சாந்தோ அப்படியே நம்பினான். இரண்டு வருஷமாக அவள் லேப்டாப்பை அவன் எட்டிப் பார்த்ததில்லை. நம்புகிறவனை ஏமாற்றுவதைப்போலச் சுலபமான வேலையும் இல்லை, கேவலமான வேலையும் இல்லை.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது. எடோங் இல்லை, சாந்தோ. ஒரு கையில் தட்டு. அதில் மொறுமொறுப்பான பன்றித் தோல் நாலு துண்டு, பான்சித் சேமியா. இன்னொரு கை கதவைப் பிடித்திருந்தது.

"எடோங் வண்டி நிறுத்த எடம் தேடிட்டிருக்கான். கடைசிக் கார்டு எங்கிட்ட இருக்கு. நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"அங்க வெச்சிட்டுப் போ. பாக்காதே."

"பாக்கல, பாக்கல. முதுகக் காட்டிட்டே நிக்கிறேன் போதுமா?" என்று நிஜமாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "பாங்கா, இன்னைக்கு மோதிர ஷாட்டு அமோகமா வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு விரல் நடுங்குது, என் கை நடுங்கல. மாதா புண்ணியம்."

அப்போது புரிங் அக்கா கதவில் தலையை நீட்டினாள். "தெல்ஃபி, ஓடி வா. திரையில படம் வருது, சத்தம் வரல. மண்டபத்து ஆளுக்கு ஒரு ஒயரும் தெரியல."

தெல்ஃபினா காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டியிருந்தது. போனாள். ஒயரை மாற்றிப் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்தபோது சாந்தோ அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தட்டு தரையில் இருந்தது. மஞ்சள் காகிதம் அவன் விரலில் ஒட்டிக்கொண்டு ஆடியது.

"இது என்ன பாங்கா? ஸ்க்ரீன் ஒடஞ்சு போச்சோ, அதான் ஒட்டியிருக்கியோன்னு பயந்து பிரிச்சேன்."

"ஒடையல. எழுந்திரு, நேரமில்ல."

"மோதிர ஷாட்டுக்கு நேரா, ஆட்டம் அடக்கு ஐம்பத்தெட்டுன்னு போட்டிருக்கே?"

"அது புதுசு. அக்கா போட்டது. தானாவே எல்லாத்துக்கும் போடும்."

சாந்தோவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் தன் படம் எது, நெஸ்தோர் படம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஸ்தோர் எடுத்த துண்டை அழுத்தினான். பூஜ்யம். இன்னொன்று. பூஜ்யம். தன்னுடையது ஒன்று. அறுபத்தொன்று.

"நெஸ்தோருக்குப் போட மறந்துடுச்சா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றுதான் கேட்டான்.

அவள் தரையில் இருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அவன் ஐம்பத்தெட்டைப் பிடித்துப் பூஜ்யத்துக்கு இழுத்தான். படத்தை ஓடவிட்டான். மோதிரம், விரல், பெண்ணின் நகப்பூச்சு, பின்னால் இருந்த மெழுகுவர்த்தி எல்லாம் சேர்ந்து நடுங்கின. ஜீப்னி வண்டியில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததைப்போல இருந்தது. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தான்.

"இது என் கையா?"

"சாந்தோ..."

"போன மாசம் பவியாவுல எடுத்தது?"

தலையாட்டினாள்.

"ஈஸ்டர் கழிஞ்சு ஒண்ணு எடுத்தமே, கடற்கரையில?"

அதற்கும் தலையாட்டினாள்.

"அந்த வக்கீல் பொண்ணு கல்யாணம்? அன்னைக்கு உன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்த் திரைக்கிட்ட நிக்க வெச்சு, பாரு, நல்லா பாரு, ஆடுதான்னு பாருன்னு சொன்னேனே. அது?"

தெல்ஃபினா நாற்காலி உறைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மாசாமாசம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"ஒரு தடவகூட உனக்குச் சிரிப்பு வரலியா?"

"அழுகதான் வந்துச்சு."

"ஆமா. அழுத. நான் அதப் பக்தின்னு நெனச்சேன்."

அவன் சத்தம் போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். லேப்டாப்பைத் தள்ளிவிட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் ஐம்பத்தெட்டை மறுபடி அதன் இடத்தில் வைக்கப் பார்த்தான். ஐம்பத்தாறில் நின்றது, அறுபதுக்குத் தாண்டியது, ஐம்பத்தேழில் நின்றது. அந்தச் சின்ன வட்டத்தை அவன் விரலால் ஒரு இடத்தில் நிறுத்த முடியவில்லை. எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான்.

வெளியிலிருந்து புரிங் அக்காவின் குரல் வந்தது. "பதினஞ்சு நிமிஷம் தெல்ஃபி! கேக் வெட்டியாச்சு!"

சாந்தோ சட்டைப் பையிலிருந்து கடைசிக் கார்டை எடுத்தான். "இதுல பதினோரு ஷாட்டு இருக்கு. வாசல்ல அவங்க அம்மா கட்டிப் பிடிச்சது, அப்பா கண்ணத் தொடச்சது. போடு."

"எதையும் அடக்காம அப்படியே போட்டுடறேன். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"சரி பண்ணிப் போடு, தெல்ஃபினா. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கோவிலில் பாதிரியார் கேட்டபோது மட்டும்தான். அவள் கார்டைச் செருகினாள். அவன் பின்னால் நின்றான். அவள் ஒவ்வொரு துண்டாகத் தொட, பேனல் அளந்து ஒரு எண்ணைச் சொல்ல, அவளுக்குக் கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. அவன்தான் படித்துச் சொன்னான்.

"அறுபது."

அழுத்தினாள்.

"அறுபத்திரண்டு. அம்மா ஷாட்டு."

அழுத்தினாள்.

"ஐம்பத்தஞ்சு. இது கொஞ்சம் பரவால்ல, இல்ல?"

அவள் அதையும் அழுத்தினாள். பதினொன்றையும் முடித்தார்கள். படம் தயாரானது. சாந்தோ கேமராவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். திரையில் படம் ஓடும்போது விருந்தாளிகளின் முகத்தை எடுப்பது அவன் வேலை. வருகிற வாரம் கொடுக்கும் முழுப் படத்தில் அந்த முகங்களைச் சேர்ப்பார்கள்.

விளக்கை அணைத்தார்கள். வழக்கமாக அவன் பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை ஆட்கள் மேலும் ஒரு கண்ணைத் திரை மேலும் வைத்திருப்பான். அன்று திரைக்கு முதுகைக் காட்டி நின்றான். தெல்ஃபினா எப்போதும்போலப் பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோதிர ஷாட்டு வந்தது. சுவரில் அடித்த ஆணியைப்போல அசையாமல் நின்றது. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மணப்பெண்ணின் அப்பா கைக்குட்டையைத் தேடினார். புரிங் அக்கா பக்கத்து மேஜைக்காரியிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "எங்க சாந்தோ எடுத்தது. கையா அது? பாறைடி, பாறை."

சாந்தோ காதிலும் அது விழுந்திருக்கும். அவன் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. "தெல்ஃபினா, உப்பு எங்க?" என்றான். "தெல்ஃபினா, மழ வருது, துணிய எடு" என்றான். பேச வேண்டியதெல்லாம் பேசினான். பாங்கா என்ற சொல் மட்டும் வீட்டைவிட்டுப் போயிருந்தது. அது இல்லாத வீட்டில் நடமாட அவளுக்கு வழி தெரியவில்லை. வைது தீர்த்துவிட மாட்டானா என்று ஏங்கினாள். மாதா படத்துக்கு முன்னால் நின்று, அவனுக்குக் கோபத்தையாவது கொடு தாயே என்று வேண்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் முழுப் படத்தின் வேலைக்கு உட்கார்ந்தாள். விருந்தாளிகளின் முகங்கள் இருந்த கார்டைப் போட்டாள். ஒரே ஒரு துண்டு, நாலு நிமிஷம். ஓடவிட்டாள்.

முதலில் மணப்பெண்ணின் மேஜை வந்தது. பிறகு கேமரா மேஜைகளைத் தாண்டியது, தலைகளைத் தாண்டியது, பின்வாசலில் போய் நின்றது. அங்கே அவள் நின்றிருந்தாள். படம் கிட்டே போனது. மண்டபம் முழுக்க அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்க, அவள் முகத்தில் இரண்டும் இல்லை. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து சோதிக்கும்போது நிற்கிறவளைப்போல நின்றாள். கண் திரையைவிட்டு அகலவில்லை. மோதிர ஷாட்டு வருவதற்கு முன்னால் கை கதவை இறுக்கிப் பிடித்தது. அது ஆடாமல் தாண்டியதும் மூச்சை விட்டாள். அடுத்த ஷாட்டுக்கு மறுபடி பிடித்தாள், மறுபடி விட்டாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் தான் இப்படித்தான் நின்றிருக்கிறோம் என்று தெல்ஃபினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாந்தோ நாலு நிமிஷமும் வேறு யாரையும் எடுக்கவில்லை. அவன் கைக்கு ஏற்ப அவளும் கதவும் சேர்ந்து நடுங்கிக்கொண்டே இருந்தார்கள். வலது பக்கத்தில் பேனல் தன் பாட்டுக்கு அளந்து எழுதியது. 66.

"எவ்வளவு போட்டிருக்கு?"

பின்னால் சாந்தோ நின்றான். ஒரு காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவளுக்காகக் கொண்டுவந்தது. பாதி வழியிலேயே சிந்தியிருந்தது.

"அறுபத்தாறு."

"அத அடக்காதே. அப்படியே ஆடட்டும்."

"அடக்கல."

அவன் கோப்பையை மேஜையில் வைத்தான். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "புதன்கிழமை டாக்டர்கிட்ட போறோம். ஃபோன் பண்ணிட்டேன். புரிங் அக்காகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். கேக் மட்டும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

தெல்ஃபினா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"டாக்டர் மொதல்ல என்ன கேப்பாரு? எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேப்பாரு. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு என் கை நல்லாத்தான் இருந்துச்சு. உனக்குத்தான் தெரியும். பழசெல்லாம் வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"திற. ஒவ்வொண்ணா சொல்லு. எழுதிக்கலாம்."

"நீ படிச்சுச் சொல்லு, நான் எழுதறேன்."

"வேண்டாம். கை என்னோடது."

பழைய கல்யாணங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். எந்தக் கல்யாணத்தைத் திறந்தாலும் மோதிர ஷாட்டைத் தொட்டால் போதும். அன்றைக்குப் பயந்து பயந்து தட்டிய எண்ணைப் பேனல் மறக்காமல் எடுத்துக் காட்டியது. பவியா, நாற்பத்தொன்பது. கடற்கரைக் கல்யாணம், நாற்பத்துமூன்று. அவள் சொல்லச் சொல்ல அவன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். எழுத்து சின்னதாகி, கோணி, கோட்டைவிட்டு இறங்கியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று, முப்பத்தைந்து. அந்த வக்கீல் பெண், முப்பது. பின்னால் போகப் போக எண் குறைந்துகொண்டே வந்தது. இருபத்துநாலு. பத்தொன்பது. பதினாலு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவன் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டு வருவதைப்போல இருந்தது. பாழாய்ப்போன அந்த எண்களைப் படிக்கும்போது ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்துவிட்டது.

பிறகு ஹாரோ, பிப்ரவரி. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. அவள் மோதிர ஷாட்டைத் தொட்டாள்.

"எட்டு," என்றாள்.

சாந்தோ எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தான். பேனலில் எட்டுதான் இருந்தது. அதைப் பூஜ்யமாக்கச் சொன்னான். அவள் ஆக்கினாள். படம் ஓடியது. தெரிந்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். அவன் தன் மடியில் உருண்டுகொண்டிருந்த வலது கையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"வெறும் எட்டுதானா?" என்றான். "எட்டுலயே சொல்லியிருக்கலாமே, பாங்கா."